ஆவுடையப்பனைத் திருத்திய விவரம்

செம்பருத்திக்குளம் தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்ற மூன்று பேர், போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஓவியர்கள் ஆனார்கள். தலைமை எழுத்தராக இருந்த தாண்டவமூர்த்தி, அவருக்குக் கீழே இருந்த கோமதிநாயகம், இருவருக்கும் கீழே இருந்த தீத்தாரப்பன். வீட்டில் பொழுது போகவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் நான்கு விதிகள் சொல்லிக்கொடுத்தார். கண்ணில் படுவதை மட்டும் வரைய வேண்டும். வரையும்போது ஆள் அசையக்கூடாது. முடிந்ததும் கீழே கையெழுத்துப் போட வேண்டும். போட்டபின் படத்தில் கை வைக்கக்கூடாது. சொல்லிவிட்டு ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

முதலில் அகப்பட்டவர் அதே ஆபீசில் இருந்த ஆவுடையப்பன். வெள்ளிக்கிழமை அவருக்கு எழுபதாம் கல்யாணம். அவர் மனைவி உலகம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"படம் அவுகளை உரிச்சு வச்ச மாதிரி இருக்கணும். ஒரு வித்தியாசம் தெரிஞ்சாலும் உங்க பிரஷ் எல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போயிரும்."

மூவரும் பயந்தார்கள். பிரஷ்கள் புதியவை.

ஆபீஸ் வழக்கப்படி வேலையைப் பிரித்தார்கள். உச்சந்தலையிலிருந்து மூக்கு வரை தாண்டவமூர்த்தி. வாயிலிருந்து கழுத்து வரை கோமதிநாயகம். மிச்சம் தீத்தாரப்பன். வியாழக்கிழமை மாலை மூன்று கையெழுத்தும் பால்பாயிண்ட் பேனாவில் விழுந்தன. அதற்குப் பிறகுதான் ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார்.

"மீசை எங்க வே?"

"மூக்கோட என் எல்லை முடிஞ்சுது" என்றார் தாண்டவமூர்த்தி.

"எனக்கு வாயிலதான் ஆரம்பம், அண்ணாச்சி" என்றார் கோமதிநாயகம்.

மீசை நடுவில் புறம்போக்காகக் கிடந்திருக்கிறது.

"சரி, கன்னத்துல எதுக்கு ஈ?"

"வந்து உட்கார்ந்துச்சு. கண்ணுல பட்டுது. நீரு விரட்டியிருக்கலாமே?" என்றார் தாண்டவமூர்த்தி.

"அசையக்கூடாதுன்னு சொன்னீரே வே."

மீசையைச் சேர்த்து ஈயை அழித்துவிடலாமா என்று தீத்தாரப்பன் கேட்டார். தாண்டவமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கையெழுத்தான காகிதத்துல திருத்தமா? முப்பத்திநாலு வருஷ சர்வீஸ்ல அந்தப் பாவத்தை நான் செஞ்சதில்லை."

பிறகு கோமதிநாயகம் மெல்லச் சொன்னார்: "அண்ணாச்சி, ஆள்மேல கையெழுத்து இல்லையே."

மூவரும் ஆவுடையப்பனைச் சுற்றி வந்து பார்த்தார்கள். அவரும் சட்டையைக் கழற்றிக் காட்டினார். எங்கும் கையெழுத்து இல்லை.

மீசை ஐந்து நிமிடத்தில் போயிற்று. மறுநாள் காலையில் ஈதான் சிரமப்படுத்தியது. கன்னத்தில் வெல்லப்பாகு தடவினார்கள். பதினோரு ஈக்கள் வந்தன. "அனுமதி ஒண்ணுக்குத்தான்" என்றார் தாண்டவமூர்த்தி. மீதிப் பத்தை விரட்டும் பொறுப்பு, ஒரு பனையோலை விசிறியோடு, தீத்தாரப்பனுக்குத் தரப்பட்டது.

கல்யாண வீட்டில் உலகம்மாள் படத்தைப் பார்த்தாள். ஆளைப் பார்த்தாள்.

"மீசை?"

"படத்துல இல்லை, மதினி."

"ஈ?"

"படத்துல இருக்கு, மதினி."

எவ்வளவு தேடியும் வித்தியாசம் கிடைக்கவில்லை. சொன்ன சொல் மாறாதவள். படத்தை மணைக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைக்கச் சொன்னாள்.

கலசநீர் ஊற்றும் நேரம் வந்தது. உறவுக்காரர்கள் ஆளுக்கொரு குடமாகக் கவிழ்த்தார்கள். பாதி ஆவுடையப்பன்மேல் விழுந்தது, பாதி படத்தின்மேல். வாட்டர் கலர். முதல் குடத்தில் வேட்டி போயிற்று, மூன்றாவதில் முகம் போயிற்று, கடைசிக் குடம் வரை ஈ மட்டும் தாக்குப்பிடித்தது. அதுவும் போனபின் மிஞ்சியது ஒரு வெள்ளைத் தாள், அதன் அடியில் மூன்று கையெழுத்து.

உலகம்மாள் திரும்பி அடுப்பைப் பார்த்தாள். கோமதிநாயகம் பிரஷ்களை மடியில் செருகிக்கொண்டார்.

தாண்டவமூர்த்தி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கையெழுத்துகள் செல்லுபடியாகும் நிலையில் இருந்தன. பிறகு, ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த ஆவுடையப்பனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"மதினி, கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளை அடிச்சீகளே, சுண்ணாம்பு மிச்சம் இருக்கா?"

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றார்.

"கால்கிட்ட மூணு கையெழுத்துக்கு இடம் விட்டு அடியும் வே" என்றார்.