கண்ணாடி மண்டபத்தில் மூன்று பேரைக் காணோம்

ஆலங்கோட்டை உரக்கடை மாடியில் செண்பகவல்லியக்கா ஒரு அனிமேஷன் கம்பெனி வைத்திருந்தார். அங்கே மாசானம், சுடலைமணி, எசக்கிமுத்து என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். சொன்ன சொல் தட்டாத பிள்ளைகள். கஷ்டமே அதுதான்.

நகைக்கடை பவுன்ராஜ் அண்ணாச்சி ஒரு விளம்பரப் படம் கேட்டிருந்தார். கண்ணாடி மண்டபம், நடுவில் ஒரு நெக்லஸ், நாலு பக்கமும் அதன் பிம்பம். அதை வரையக் கம்ப்யூட்டருக்குள் நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். மதுரைக் கடைக்காரர் இரண்டு கார்டுகளை அனுப்பி, பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

அக்கா ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது மாசானத்தைக் கூப்பிட்டார்.

"கவனமாக் கேளு. இது ரே டிரேசிங் வேலை. விளக்குலருந்து கிளம்புற வெளிச்சம் எதுல பட்டு எங்க தெறிக்குதுன்னு கார்டு கணக்குப் போட்டு வரையும். டெஸ்ட் படத்துல ஒரு மண்டபம் வரும். எந்தக் கார்டு கண்ணாடியில ஒண்ணு விடாம, திணறாம காட்டுதோ, அதை வெச்சுக்கோ. தோத்தது சாயங்கால லாரியில திரும்பிப் போகணும். ரெண்டுக்கும் நிலைமை ஒரே மாதிரி இருக்கணும். மயிரிழை மாறக்கூடாது."

"சரிக்கா."

"இதுலயும் சொதப்புனா உனக்கு உங்க மாமா கோழிப்பண்ணைதான்."

மாசானத்துக்குக் கோழி என்றாலே பயம். சின்ன வயதில் ஒரே ஒரு சேவல் அவனைத் தெருமுனைவரை விரட்டியிருக்கிறது. பண்ணையில் இருப்பதோ ஆயிரக்கணக்கில்.

முதல் கார்டை மாட்டி டெஸ்டை ஓடவிட்டார்கள். வினாடிக்கு நாற்பத்தொரு படம் என்று வந்தது. ஓடும்போது சுவர்க் கடிகாரம் பத்து அடித்தது. சுடலைமணி தும்மினான். எசக்கிமுத்து உளுந்தவடையைத் தேநீரில் முக்கினான்.

மாசானம் கவலையாக நிமிர்ந்தான். "ஏல, ரெண்டாவது கார்டுக்கும் இதெல்லாம் வேணும்லா?"

"தும்மல் என் பொறுப்பு," என்றான் சுடலைமணி. "ஆனா மணி பதினொண்ணு ஆயிட்டே. பத்துக்கு எங்க போக?"

"கடிகாரம் நம்மகிட்டதானல இருக்கு," என்றான் எசக்கிமுத்து.

முள்ளைத் திருப்பிப் பத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தார்கள். எசக்கிமுத்து கீழே போய் வடையும் தேநீரும் வாங்கி வந்தான். சுடலைமணி மூக்கில் நூலை விட்டுக்கொண்டு தயாராக நின்றான். வடை மட்டும் காலை வடையைவிடச் சூடாக இருந்ததால், அது ஆறும்வரை கார்டு காத்திருந்தது.

இரண்டாவது கார்டு வினாடிக்கு அறுபத்தெட்டு படம் காட்டியது.

"இதுதான் ஜெயிச்சுட்டு," என்றான் சுடலைமணி.

"ஒரு வினாடியில அறுபத்தெட்டு படத்தை யாரு பாக்க? ஆளுக்கு ஒண்ணுன்னாலும் நாம மூணு பேருதான்," என்றான் எசக்கிமுத்து.

"அதை விடுங்கல. ஒண்ணு விடாம காட்டுதான்னு பாக்கணும்." மாசானம் திரைக்கு அருகே குனிந்தான்.

மண்டபத்துக் கண்ணாடியில் தூண் தெரிந்தது. குத்துவிளக்கு தெரிந்தது. தரையில் உருண்டு கிடந்த வெண்கலச் செம்புகூடத் தெரிந்தது. மாசானம் இன்னும் குனிந்தான். சிரித்துப் பார்த்தான். நாக்கை நீட்டிப் பார்த்தான்.

"ஏல, கண்ணாடியில நான் இல்ல."

மற்ற இருவரும் வந்து பார்த்தார்கள். அவர்களும் இல்லை.

"நம்ம மேல வெளிச்சம் பத்தலையோ என்னமோ," என்று எசக்கிமுத்து டார்ச்சை எடுத்து மூன்று முகத்திலும் மாறி மாறி அடித்தான். மண்டபத்தில் எந்த மாற்றமும் இல்லை. நிலைமை மாறக்கூடாது என்பதால் பழைய கார்டையும் மாட்டி, அதற்கும் டார்ச் அடித்தார்கள். அதிலும் ஒருவரும் இல்லை.

"செம்பைக் காட்டுது, மனுசனைக் காட்டலை. ரெண்டும் களவாணிக் கார்டு," என்றான் சுடலைமணி.

மாசானத்தின் காதுக்குள் சேவல் கூவியது. கம்ப்யூட்டரை அணைத்து, கார்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தான். எதிரே திரை இருண்டு கிடந்தது. அதற்குள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

மாசானம் கையைத் தூக்கினான். உள்ளே இருந்தவனும் தூக்கினான். சுடலைமணி தும்மினான். உள்ளேயும் அதே நேரத்தில் தும்மல்.

"திணறுதா?" என்றான் மாசானம்.

"இல்ல."

"சூடு?"

எசக்கிமுத்து தொட்டுப் பார்த்தான். "பச்சத்தண்ணி மாதிரி இருக்கு."

தீர்ப்பு தெளிவாக இருந்தது. தோற்ற கார்டு திரும்பிப் போக வேண்டும். தோற்றவை இரண்டு. இரண்டும் லாரியில் ஏறின.

சாயங்காலம் அக்கா போன் செய்தார். "எந்தக் கார்டு ஜெயிச்சது?"

"எதுவும் இல்லாததுதான்க்கா ஜெயிச்சது. படமே முடிஞ்சுட்டு. அண்ணாச்சி வந்து பாத்துக்கிட்டு இருக்காரு. அவரே நடிச்சிருக்காரு."

போனில் கல்யாண மேளச் சத்தம் கேட்டது. "அவர்ட்ட குடு," என்று அதற்கு மேலே கத்தினார் அக்கா.

பவுன்ராஜ் அண்ணாச்சி கழுத்தில் நெக்லஸோடு இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். போனை வாங்கி, "நகை அச்சு அசலா இருக்கும்மா," என்றார். "இந்தப் பயல விட்டுராத. குறைன்னு பாத்தா ஒண்ணுதான். என் வழுக்கை கொஞ்சம் கூடுதலா மின்னுது."

மாசானம் அக்கா சொன்ன வெளிச்சப் பாடத்தை நினைத்தான். மேலே ட்யூப் லைட்டைப் பார்த்தான். கீழே அண்ணாச்சி தலையைப் பார்த்தான். கணக்கு சரியாக வந்தது. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அண்ணாச்சி தலையில் போர்த்தினான்.

"இப்ப சரியாயிட்டு," என்றார் அண்ணாச்சி, இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டே. "டிவியில எப்ப வரும், தம்பி?"

மாசானம் நிதானமாக யோசித்தான். தெரியாததைச் சொல்லும் பழக்கம் அவனுக்கு இல்லை.

"டிவியை அணைச்ச உடனே வரும், அண்ணாச்சி."