இல்லாத மூன்று பொத்தான்கள்

மலைமேல் இருந்த அந்த ராணுவப் பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும். துப்பாக்கி பிடிக்கச் சொல்லித் தருபவரும் உஸ்தாத். கயிறு ஏறச் சொல்லித் தருபவரும் உஸ்தாத். வடக்கே சங்கீதம் கற்பிப்பவருக்கும் அதுதான் பெயர். ஆகவே பிகுல் என்கிற ராணுவ ஊதுகொம்பைக் கற்றுத்தந்த தேவவரம் ஒருவருக்குத்தான் அந்தச் சொல் சரியாகப் பொருந்துகிறது என்று மாசிலாமணி நினைத்துக்கொள்வான்.

அவரிடம் அவன் போய்ச் சேர்ந்ததே ஒரு தப்பினால். முதல் வாரம், அணிவகுப்பில் தேவவரம் கேட்டார்.

"பிகுல் ஊத யாருக்கு வரும்?"

மாசிலாமணி வடசென்னைக்காரன். பிகில் என்றால் அவனுக்கு விசில். இரண்டு விரலை வாயில் வைத்து, எதிர்மலையில் பட்டுத் திரும்புகிற மாதிரி ஒன்று விட்டான்.

நாற்பது பேரில் அவனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். தேவவரம் ஐம்பது தண்டால் எடுக்க வைத்தார். எடுத்து முடித்ததும் பக்கத்தில் வந்தார்.

"மூச்சு நல்லா இருக்கு. வீட்டுல என்ன தொழில்?"

"அப்பா பேண்டு செட்டு வெச்சிருக்காரு உஸ்தாத். நான் அதுல ட்ரம்பெட்டு."

"நாளையில இருந்து என்கிட்ட வா."

ட்ரம்பெட்டில் மூன்று பொத்தான்கள் உண்டு. பிகுலில் ஒன்றும் கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஐந்து சுரம் எடுக்கலாம், அவ்வளவுதான். மாசிலாமணி ஊதும்போதெல்லாம் அவனுடைய வலது கை விரல்கள் இல்லாத பொத்தான்களை அழுத்தின.

"விரல் அசையுது."

"தானா அசையுது உஸ்தாத்."

"பிகுல்காரன் செலை மாதிரி நிக்கணும். பத்து தண்டால்."

பத்து இருபதாயிற்று, முப்பதாயிற்று. விரல்கள் நிற்கவில்லை.

பக்கத்துக் கட்டில் பிச்சாண்டியுடையது. திருவண்ணாமலைப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். வந்த அன்றே எல்லோருடைய கைப்பேசியையும் வாங்கி வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் வீட்டோடு பேசலாம். பிச்சாண்டியின் அம்மா "சாப்ட்டியாப்பா" என்பாள். அதற்குமேல் அவனுக்குப் பேச்சு வராது. வைத்துவிடுவான்.

தினமும் இரவு ஆஜர் எடுத்து முடித்து விளக்கை அணைக்கும்வரை பத்து நிமிடம் கிடைக்கும். அப்போது பிச்சாண்டி காலால் கட்டிலை எட்டி உதைப்பான்.

"யோவ் பேண்டு செட்டு, கச்சேரிய எடுய்யா."

மாசிலாமணி மெல்ல முனகுவான். ஊர்வலம் முடிந்து, கூட்டம் கலைந்து, வீடு திரும்பும் வழியில் அப்பாவும் அவர் ஆட்களும் தங்களுக்காக மட்டும் வாசித்துக்கொள்ளும் மெட்டு அது. வார்த்தை கிடையாது. மூன்று விரல்கள் கம்பளியின்மேல் ஏறி இறங்கும். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே பிச்சாண்டி தூங்கிப்போவான். அவன் தூங்கிய பிறகுதான் மாசிலாமணிக்கும் தூக்கம் வரும்.

பத்தாவது வாரம், வியாழக்கிழமைக் காலை ஓட்டத்தில் பிச்சாண்டி வரிசையிலிருந்து விலகினான். கீழே பஸ் போகிற சாலையைப் பார்த்துச் சரிவில் இறங்கி ஓடினான். மதியம்தான் பாறைக்கு அடியில் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள். ஓட்டப் பயிற்சியில் தவறி விழுந்ததாகத் தாளில் எழுதினார்கள்.

அன்று சாப்பாட்டு வரிசையில் ஒருவன் சொன்னான்.

"தெனம் தெனம் வூட்டு ஞாபகமா பாடித் தள்ளுனியே. உன் பாட்டுதான்டா அவன இழுத்துட்டுப் போச்சு."

யாரும் மறுத்துப் பேசவில்லை. மாசிலாமணியும் பேசவில்லை.

சாயங்காலம் அவன் தேவவரத்தைத் தேடிப் போனான். அவர் படியில் உட்கார்ந்து பிகுலைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உஸ்தாத், நாளைக்கு அவன அனுப்பும்போது வேற யாரையாவது ஊதச் சொல்லுங்க."

"ஏன்?"

"இனிமே ஊதறதில்ல. பாடறதுமில்ல."

"ஏன்னு கேட்டேன்."

"என் பாட்டுதான் அவனக் கொன்னுச்சாம். நெஜமா உஸ்தாத்?"

"ஆமான்னு சொன்னா?"

"ஆயுசுக்கும் வாயத் தொறக்க மாட்டேன்."

"இல்லன்னு சொன்னா?"

"நம்ப மாட்டேன்."

"பின்ன எதுக்கு தம்பி என்கிட்ட கேக்க?"

தேவவரம் பிகுலை நீட்டினார்.

"அவனுக்குப் பாடினத ஊது."

"இதுல வராது உஸ்தாத். பாதி சுரம் இல்ல."

"இருக்கறத ஊது."

ஊதினான். மெட்டு நொண்டி நொண்டி வந்தது. சுரம் இல்லாத இடங்களில் வெறும் விரல்கள் அழுத்தின. தேவவரம் தண்டால் எடுக்கச் சொல்லவில்லை.

"நேத்தும் இதத்தான் பாடினியா?"

பிகுல் வாயிலிருந்து இறங்கியது.

"நேத்தும் இதத்தானான்னு கேட்டேன்."

"நேத்து பாடல உஸ்தாத்."

தேவவரம் காத்திருந்தார்.

"நேத்து நாலு வாட்டி மலை ஏத்தி எறக்குனாங்க. காலெல்லாம் புண்ணு. கச்சேரிய எடுய்யான்னான். போடா, தெனம் ஒனக்குத் தாலாட்டணுமான்னு திரும்பிப் படுத்துட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சான்."

"இத யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் இல்ல. பாட்டுதான் கொன்னுச்சுன்னு அவங்க சொன்னப்ப, அதுவே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

தேவவரம் பிகுலை வாங்கி, உள்ளே தங்கியிருந்த எச்சிலை உதறினார். வாய் வைக்கும் இடத்தைத் துடைத்தார். திரும்ப அவன் கையில் கொடுத்தார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு உடலை ஏற்றிச் செல்ல வண்டி வந்து நின்றது. பிச்சாண்டியின் அப்பா வந்திருந்தார். ராணுவ மைதானத்தில் செருப்போடு நிற்கலாமா என்று தெரியாமல், கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாசிலாமணி இறுதி வணக்கம் ஊதினான். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. தொடக்கம் முதல் முடிவுவரை மூன்று விரல்களும் அசைந்துகொண்டே இருந்தன. மேஜர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். செருப்பைப் பிடித்திருந்தவரும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி வளைவு திரும்பி மறைந்ததும் மாசிலாமணி தேவவரத்தின் முன்னால் போய் விறைத்து நின்றான்.

"வெரல் அசஞ்சிடுச்சு உஸ்தாத்."

"பாத்தேன்."

"தண்டால் எடுக்கறேன்."

"வேண்டாம்."

"அப்ப பெரிசா எதுனா குடுங்க உஸ்தாத். தாங்கிக்கறேன்."

தேவவரம் திரும்பிப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியே, மெத்தை சுருட்டி வைக்கப்பட்ட இரும்புக் கட்டில் தெரிந்தது.

"திங்கக்கிழமை அந்தக் கட்டிலுக்குப் புது ஆள் வாறான்" என்றார். "அன்னைக்கும் நாலு தடவ மலை ஏத்தி இறக்குவாங்க."