மஞ்சரி காட்டின சீப்பு வித்தை

காத்துகூட காய்ஞ்சு கெடக்கற ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தாளாம். ஊரு ஓசூரு, பொண்ணு மஞ்சரி. பிளாஸ்டிக் சீப்பால தலையைச் சரக்சரக்குன்னு சீவி, காகிதத் துண்டுகிட்ட கொண்டுபோனா, துண்டெல்லாம் துள்ளி வந்து ஒட்டிக்கும். ம் சொல்லு.

ம்.

அப்புறம் அவ அப்பாவுக்கு மாத்தலாகி தூத்துக்குடிக்கு வந்துட்டாங்க. ஐப்பசி மாசம். டப்பாவுல உப்பே தண்ணி விட்டுக் கெடக்கு. புதுப் பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்காந்த ஜெனிட்டா மட்டும்தான் அவகூடப் பேசினா. மஞ்சரி வித்தையைப் பத்திச் சொன்னதும், "நெசமாவா? எல்லாருக்கும் காட்டுட்டி!"ன்னா.

மதியம் ஆறாம் வகுப்பே கூடிடுச்சு. பலிச்சா கூட்டுல சேர்த்துக்குவாங்க. பலிக்கலேன்னா புளுகிப் பட்டம்.

மொதல்ல ஒரு பலூனைப் பாவாடையில தேய்ச்சு, ஒட்டிக்கும்னு சுவத்துல வெச்சா. பொத்! விழுந்துடுச்சு. அப்புறம் சீப்பைத் தலையில தேய்ச்சு, குழாயில நூலா ஒழுகுற தண்ணிகிட்ட நீட்டினா. தண்ணி வளையணும். அது சொர்ர்ருன்னு நேராவே போச்சு.

"ஓசூர்க்காரி நல்லா ரீல் விடுதா!"

மூணாவதா காகிதத் துண்டு. சீப்பு கிட்டப் போச்சு. ஒண்ணும் அசையல. அப்போ திடீர்னு ஒரு துண்டு படக்குன்னு நகந்துச்சு. "பாத்தியளா, அசைஞ்சிட்டு!"ன்னு குதிச்சா ஜெனிட்டா.

மஞ்சரி பாத்துட்டா. ஜெனிட்டா குனிஞ்சு மெல்ல ஊதியிருந்தா. மஞ்சரிக்கு அவமானம் பத்திக்கிச்சு. "நீ ஊதினே! பொய்க்காரி!"ன்னு கத்தினா. அப்புறம் எல்லாரும் ஜெனிட்டாவைப் பாத்துச் சிரிச்சாங்க. "ஊதுவத்தி, ஊதுவத்தி!" அந்தப் பொண்ணு பையை எடுத்துக்கிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போயிட்டா. ம்?

ம்...

ஈரக்காத்துல சீப்புல மின்சாரம் தங்காதுன்னு டீச்சர் சொன்னாங்க. மஞ்சரி மேல தப்பில்லியாம். அப்பவே, தனக்காக ஊதின ஜெனிட்டாகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கணும். நாளைக்குக் கேக்கலாம்னு இருந்தா. மார்கழி போச்சு, மாசி போச்சு.

அப்புறம் ஏழாம் வகுப்பு. ஆனி மாசம், உதடு வெடிக்கற மேல்காத்து. ஜன்னலை அடைச்சுட்டு மஞ்சரி சீப்பை நீட்டினா. சட்சட்டுன்னு காகிதமெல்லாம் பாஞ்சு ஒட்டிக்கிச்சு. ஒரே கைத்தட்டல். அவ ஜெனிட்டாகிட்ட ஓடினா.

"அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்புடி. வந்து பாரேன்."

"நீ சொன்ன அன்னைக்கே நம்பிட்டேன்லா. இனி பாக்க என்ன இருக்கு?"ன்னுட்டு ஜெனிட்டா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தா.

அப்புறம் சேர்ந்துட்டாங்களா?

பேசிக்கிட்டாங்கடா கண்ணு. ஒரே பெஞ்சுல மட்டும் உக்காரவே இல்ல.

ம்...

கதை படுத்துடுச்சு. நீயும் கண்ணை மூடு.