சூளை முதலாளி கண்டுபிடித்த ஓட்டு

தேர்தல் ஆபீஸ் வேன் எங்கள் செங்கல் சூளைக்கு வந்தது. ஓட்டு போடும் மெஷினைக் காட்டி, யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது என்றார் ஆபீஸர் அம்மா.

முதலாளி ரத்தினவேலு சிரித்தார். "எனக்குத் தெரியும். மாத்திக் குத்தினவங்களுக்கு மறுநாள் வேலை இல்ல."

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். கல் சுமக்கிற செவத்தியக்கா மட்டும் கேட்டாள்.

"மொதலாளி, இப்ப நான் குத்துறதயும் சொல்லிருவீங்களா?"

"போயி குத்து. சொல்றேன்."

மறைப்பு அட்டைக்குப் பின்னால் போனாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சொல்லுங்க மொதலாளி."

"சீப்பு சின்னம்" என்றார், யோசிக்கவே இல்லை.

"நான் எதையுமே அமுக்கலையே. அமுக்கினா பீப்புன்னு இந்தச் சூளைக்கே கேக்குமாம். உங்களுக்குக் கேட்டுச்சா?"

முதலாளி முகத்துக்கு நேரே ஒருத்தி இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் பெண்கள் ஒவ்வொருத்தராக அட்டைக்குப் பின்னால் போனார்கள். பீப், பீப் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எந்தச் சின்னம் என்று முதலாளி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.