ஆறாம் நம்பர் அறையின் குரல்

பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டே சொல்கிறேன். நான் பிரசவத்துக்குப் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் நடந்தது.

அங்கே வைஃபை வேலையை எடுத்திருந்தது என் அக்கா பூங்கோதை. அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் சேசையா அண்ணாச்சி. இருபத்தைந்து வருசம் கேபிள் டிவி இழுத்தவர். அக்காவைவிட ரொம்ப மூத்தவர். ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

எட்டு அறைக்கும் சேர்த்து, வராந்தா நடுவில் ஒரே பெரிய வைஃபை பெட்டியை அவர் மாட்டியிருந்தார்.

என் ஆறாம் நம்பர் அறையில், கட்டில் பக்கத்தில் நர்ஸைக் கூப்பிடப் பொத்தான் உண்டு. அதுவும் வைஃபையில்தான் ஓடுகிறது. அன்று காலை பிள்ளைக்குப் பால் புரையேறியது. அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். யாரும் வரவில்லை. பக்கத்து அறை அம்மாள் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்ட பிறகுதான் நர்ஸ் ஓடி வந்தார்.

அக்கா வந்தாள்.

"அறைக்குள்ள போனை வச்சுப் பாருங்க டீச்சர். சிக்னல் கோடு முழுசா நிக்குது," என்றார் அண்ணாச்சி. "பத்தலைன்னா பவரைக் கூட்டிருவோம். அறைக்கு ஒரு பெட்டி எதுக்கு? சுவரெல்லாம் ஓட்டை போட்டே என் தோள் கழண்டுரும்."

அக்கா எல்லாக் கதவையும் சாத்தினாள்.

"பெட்டிக்குக் கீழே நின்னு, ஆறாம் நம்பர் அறைக்காரி பேர் என்னன்னு கேளுங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

கேட்டார். நாலு பிள்ளைகள் முழித்து அழுதன. நான் பேரைச் சொன்னேன். மறுபடி சொன்னேன்.

"பதிலே இல்லையே டீச்சர். தூங்குறாங்களோ?"

அக்கா என் அறைக் கதவைத் திறந்தாள். "இவ ரெண்டு தடவை சொல்லிட்டா."

"அப்ப இன்னும் சத்தமாக் கேட்கட்டா?"

"உங்க சத்தம் பஜார் வரைக்கும் போயிட்டு அண்ணாச்சி. டிவி பெட்டி திரும்பப் பேசாது. இவ பேசுறா. இவளுக்கும் அந்தப் பொத்தானுக்கும் இவ்வளவுதான் குரல். நீங்க கிட்ட போங்க."

அண்ணாச்சி ஓட்டை போடும் மிஷினை எடுத்துக்கொண்டு என் அறைக்குத்தான் முதலில் வந்தார்.

மறுநாள் எட்டு அறைச் சுவரிலும் சின்னச் சின்னப் பெட்டி. பொத்தானைத் தொட்டேன். நர்ஸ் வந்து நின்றார்.

"அண்ணாச்சி சொல்லிக்கிட்டே இருக்காரே, யாரும்மா அந்த டீச்சர்?" என்று கேட்டார்.

"எங்க அக்கா!" என்றேன். அன்றைக்குத்தான் என் குரல் வராந்தாவுக்குக் கேட்டது. ஏணி மேல் நின்ற அண்ணாச்சிகூடத் திரும்பிப் பார்த்து... பிள்ளை கூப்பிடுகிறான், இந்தத் துணியை அப்படியே வைத்துவிட்டுப் போகிறேன்.