செப்புப் பேழையும் நசுங்கிய தங்கையும்

சின்னவர்களே, பெரியவர்களே, காதைக் கொடுங்கள்! ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஏழ்குன்ற நாட்டில் ஒரு விறகுவெட்டிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மாதுளை, இளையவள் நொச்சி. கரடுமுகன் என்ற மந்திரவாதி மாதுளையைப் பெண் கேட்டான். "மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான், பாவி, அவள் குரலையே பிடுங்கித் தன் செப்புப் பேழைக்குள் அடைத்துவிட்டான்!

அந்த நாட்டில் அரசர் சபையில் வைத்துப் பெண்ணிடம் மூன்று முறை சம்மதம் கேட்பார். வாய் திறந்து மறுக்காவிட்டால் கல்யாணம்தான். அன்று மாலையே சபை.

கரடுமுகன் சபைக்குக் கிளம்பியதும் நொச்சி அவன் வீட்டுக்குள் நுழைந்தாள். பேழை முற்றத்திலேயே இருந்தது. பூட்டுகூட இல்லை, அவ்வளவு திமிர் அவனுக்கு!

மூடியை இழுத்தாள். "வெளிக் கை உள்ளே வராது" என்றது பேழை.

உலக்கையால் இடித்தாள். உலக்கைதான் முறிந்தது. "வெளிக் கை உள்ளே வராது."

நொச்சி உட்கார்ந்து அழுதாள். பிறகு பேழையைத் தடவிக்கொடுத்தாள். "இடிச்சிட்டேனே, வலிக்குதா?"

இதுவரை யாருமே அதை அப்படிக் கேட்டதில்லை. பேழையின் குரல் இளகியது. "வெளிக் கை உள்ளே வராதும்மா. நானா எடுத்துக் கொடுக்கவும் எசமான் தடை போட்டுட்டார். ஆனா என்னை வார்த்த அதே அச்சுல வார்த்தவ எனக்கு வெளியாள் இல்ல. என் தங்கச்சி ஒருத்தி இருக்கா. வார்க்கும்போதே நசுங்கிட்டான்னு மாட்டுக் கொட்டில்ல வீசிட்டார்."

நொச்சி கொட்டிலுக்கு ஓடினாள். நசுங்கிய பேழையில் தவிடு கிடந்தது. கழுவித் துடைத்து, இடுப்பில் தூக்கி வந்து அக்காப் பேழையின் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா!" என்றது நசுங்கிய பேழை. மூடியோடு மூடி தொட்டது. தடை ஒன்றும் எழவில்லை. தங்கைப் பேழை உள்ளே துழாவி எடுத்துவிட, மாதுளையின் குரல் சபையை நோக்கிச் சிட்டாகப் பறந்தது.

சபையில் அரசர் இரண்டு முறை கேட்டாயிற்று. மாதுளையின் கண்ணில் நீர்தான் வந்தது. கரடுமுகன் மீசையை முறுக்கினான். மூன்றாம் முறை கேட்டார்.

"மாட்டேன்!"

சபையே அதிர்ந்தது. "வெளியார் யாராலும் திறக்க முடியாதே!" என்று அலறினான் கரடுமுகன்.

மூச்சிரைக்க வந்து நின்றாள் நொச்சி. "வெளியார் யாரும் திறக்கலையே! நீ வீசின தங்கச்சிதான் திறந்தா."

அரசர் அவனை நாடு கடத்தினார். அவன் மந்திரமும் அன்றோடு செத்தது. பேழைகள் இரண்டும் விறகுவெட்டி வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. உள்ளே என்ன வைத்திருக்கின்றன என்று அந்த வீட்டில் யாரும் துழாவியதில்லை. அவையாகச் சொன்னால் கேட்டுக்கொண்டார்கள்.