தாழ்ப்பாள் இல்லாத நகரம்

முன்னொரு காலத்தில், எந்த வருஷம் என்று கேட்டு என்னை மடக்காதீர்கள், ஒரு ராஜாவுக்குத் தன் தலைநகரத்தில் ஜனங்கள் பயமில்லாமல் நடமாடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. ராஜாவுக்கு ஆசை வந்தால் சும்மா விடுமா? வீடு வீடாக விசாரித்து வரும்படி நகரக் காவல் தலைவர் பலபத்திரரை அனுப்பினார்.

பலபத்திரர் ஒவ்வொரு வாசலிலும் தடியை ஊன்றி நின்று, "தெருவில் ஏதாவது பயம் உண்டா?" என்று கேட்டார். தடியைப் பார்த்த பிறகு வாயிலிருந்து வேறென்ன வரும்? "ஒரு பயமும் இல்லீங்க சாமி" என்றது ஊர். மூன்றே நாளில் விசாரணை முடிந்தது.

சபையில் அந்த ஓலையை வாசித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். விகடகவி சாத்தப்பன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவனுக்குக் கைதட்ட மனம் வரவில்லை. மனைவி உலகம்மை வீட்டை விட்டுப் போய் நாற்பது நாளாகியிருந்தது. தெப்பக்குளத்து மண்டபத்தில் நாலைந்து தடியன்கள் பகல் முழுக்கச் சூதாடுவார்கள். தண்ணீருக்கு வரும் பெண்களை வம்புக்கு இழுப்பார்கள். சமயம் வாய்த்தால் காதில் காலில் கிடப்பதையும் பறிப்பார்கள். ஒருநாள் உலகம்மையின் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் குடத்தைப் போட்டுவிட்டு நேரே காவல் சாவடிக்குப் போய் முறையிட்டாள். காவலன், "விகடகவி பொண்டாட்டியா? அப்ப இதுவும் விகடம்தானா?" என்று சிரித்தான்.

அதுகூடப் போகட்டும். வீட்டுக்கு வந்து அழுதவளைத் தேற்றுகிறேன் பேர்வழி என்று சாத்தப்பனும் வாயைத் திறந்தான். "இழுத்த தடியன் பொண்டாட்டிக்குச் சேலை வாங்க வக்கில்ல போலிருக்கு, விடு" என்றான். சபையில் இதற்கு ஒரு மோதிரம் கிடைத்திருக்கும். வீட்டில் எடுபடவில்லை.

உலகம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஊரே சிரிக்கட்டும். நீங்களுமா சிரிக்கணும்? எங்க அண்ணன் ஊருல தண்ணிக்குப் போனா யாரும் பிடிச்சு இழுக்கறதில்ல. நான் போறேன்."

போய்விட்டாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்படியில் வளையல் சத்தம் கேட்கிறதா என்று காது தானாகப் போகும். பகலெல்லாம் ராஜாவைச் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால், "வந்துட்டீங்களா" என்று கேட்க ஆளில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு அவன் ஏங்கிப்போனான்.

"சாத்தப்பா, நீ மட்டும் ஏன் மௌனமாக நிற்கிறாய்?" என்று ராஜா கேட்டார்.

"பிரபு, நகரத்தில் பயம் இருக்கிறது. சொல்லத்தான் ஆளில்லை."

விகடகவிக்கு ராஜா அள்ளிக் கொடுப்பதைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருந்த பலபத்திரர் சட்டென்று எழுந்தார். "மன்னர் பெருமானே! இவர் என் காவலைப் பழிக்கிறார். நாளை மாலைக்குள் ஒரே ஒரு முறையீட்டையாவது, என் முன்னிலையில், தங்கள் செவியில் விழச் செய்யட்டும். இயலாவிட்டால் நகரத்தை விட்டு வெளியேறட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

சாத்தப்பன் வீடு வீடாக ஏறி இறங்கினான். பூக்காரி நாச்சியார் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க நாளைக்கு அரண்மனைக்குப் போயிடுவீங்க சாமி. நான் இந்தத் தெருவுலதான பூ விக்கணும்? எம்பொண்ணு கொலுசைப் பறிச்சவன் தெனமும் என் எதிர்லதான் உக்காந்திருக்கான். அந்தத் தடிக்காரர் முன்னால என்னைப் பேசச் சொல்லாதீங்க."

அவளைக் குறை சொல்ல அவனால் முடியவில்லை. ஊரை விட்டுப் போவதானால் உலகம்மை இருக்கும் ஊருக்கே போகலாம். ஆனால் துரத்தப்பட்டவன் எந்த முகத்தோடு அவள் எதிரே நிற்பது? அவள் திரும்பி வந்து வாழ ஒரு தெரு வேண்டும். அதைக் கொடுக்காமல் அவளை எப்படிக் கூப்பிடுவது?

மறுநாள் காலையில் அவன் சபையில் பணிவாகக் கைகூப்பினான். "பிரபு, யாரும் பேச வரவில்லை. ஆகவே ஓலையை அப்படியே ஏற்கிறேன். பயமில்லாத ஊருக்குத் தாழ்ப்பாள் எதற்கு? வீட்டுக்கு வீடு பித்தளைத் தாழ்ப்பாளைக் கழற்றி உருக்கி, தங்கள் புகழ் ஒலிக்கும்படி ஒரு பெரிய மணி வார்க்கலாமே! முதல் மரியாதை, நகரைக் காத்த பலபத்திரர் வீட்டுக்கே கிடைக்க வேண்டும்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்போதே ஓர் ஆசாரியை அழைத்துக்கொண்டு தானே புறப்பட்டார். தெரு ஜனமெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது.

பலபத்திரர் வீட்டுக் கதவில் ஏழு தாழ்ப்பாள்கள் இருந்தன. ஆசாரி முதல் தாழ்ப்பாளைக் கழற்றினார், பலபத்திரர் இளித்தார். மூன்றாவதைக் கழற்றியபோது அவருக்கு வியர்த்தது. ஐந்தாவதில் உளி பட்டதும் ஓடிவந்து கதவோடு ஒட்டிக்கொண்டார்.

"பிரபு, போதும்! இதையும் கழற்றினால் பொழுது சாய்வதற்குள் வீட்டைத் துடைத்துவிடுவார்கள்!"

"யார்?"

"தெப்பக்குளத்து மண்டபத்துச் சடையனும் அவன் கூட்டமும்தான்! போன மாதம் என் கொல்லைக் கதவையே பெயர்த்தார்கள், பிரபு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

சாத்தப்பன் தலைவணங்கினான். "மாலைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பிரபு. காவல் தலைவர் முன்னிலையில், தங்கள் செவியில், ஒரு முறையீடு விழுந்துவிட்டது."

ராஜா இடி இடி என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நாச்சியார் கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"மகாராஜா! எம்பொண்ணு கொலுசைப் பறிச்சதும் அந்தச் சடையன்தான்! சாவடிக்காரங்களும் அவனோட கூட்டு!"

பிறகு தெருவே பேசியது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டார். ராஜாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. உச்சிவெயிலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். சடையன் கூட்டமும் சாவடிக் காவலர்களும் சிறைக்குப் போனார்கள். பலபத்திரர் தினமும் தடியோடு தெப்பக்குளத்துப் படிக்கட்டில் நின்று காவல் காக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

"உனக்கு என்ன வேண்டும், கேள்!" என்றார் ராஜா, தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டபடி.

"நாலு நாள் விடுப்பு, பிரபு."

ராஜா தன் பல்லக்கையே கொடுத்தனுப்பினார்.

உலகம்மை அண்ணன் வீட்டு வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பல்லக்கைப் பார்த்தாள், முத்துமாலையைப் பார்த்தாள், மறுபடி நெல்லைக் கிளறினாள். அவன் நடந்ததைச் சொன்னான்.

"இனிமே பயமில்லன்னு யாரு சொன்னா? ராஜாவா?"

"நாச்சியார் சொன்னா. மகளைத் தனியாத் தண்ணிக்கு அனுப்பிட்டுச் சொன்னா."

பலபத்திரர் கதவைக் கட்டிக்கொண்ட கோலத்தைச் சொல்லிக் காட்ட அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது. நாடே அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. அவன் அதை விழுங்கிக்கொண்டான்.

"அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது, உலகம்மை" என்றான்.

அவள் கையில் ஒட்டிய நெல்லை உதறினாள். பிறகு உள்ளே போய்த் துணி மூட்டையோடு வந்தாள்.

விடுப்பு முடிந்து சபைக்கு வந்தவனிடம் ராஜா ஆவலாகக் கேட்டார். "கோபித்துக்கொண்டு போனவளை எந்த விகடம் சொல்லி அழைத்து வந்தாய்?"

"விகடம் எதுவும் சொல்லவில்லை, பிரபு."

அவன் சொன்னதிலேயே இதுதான் பெரிய விகடம் என்று நினைத்து ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, ஆயிரம் பொன் கொடுத்தார்.